போத்தனூரில் பிறந்த அம்மா... ஐம்பது பவுண்டு நோட்டில் மகன்!

கோயம்புத்தூரில் ‘டூரிங்’ என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் முகம் மலர்ந்துவிடும். தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்து எம்.ஜி.ஆர் படம் பார்த்த டூரிங் டாக்கீஸ் ஞாபகம் வந்துவிடும். அதில் தப்பில்லை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905-ல் படச்சுருளும் புரொஜெக்டருமாக ஊர் ஊராகக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர்தானே! 1914-ல் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயரில் இன்றைக்கும் கோவையில் ஒரு சாலை இருக்கிறது.

ஆனால், இந்த மண்ணோடு உறவுள்ள இன்னொரு டூரிங்கும் உண்டு. இங்கிலாந்தின் ஐம்பது பவுண்டு நோட்டில் படமாக இருப்பவர். கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஆலன் டூரிங். அவரைப் பெற்ற அம்மா பிறந்த ஊர், நம்ம போத்தனூர்.

கோவை ஜங்ஷனிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் போத்தனூர் வந்துவிடும். இன்றைய பிள்ளைகளுக்கு அது கேரளா போகும் வழியில் இருக்கும் ஒரு ஸ்டேஷன். அந்தக் காலத்தில் நிலைமை தலைகீழ். மதராஸிலிருந்து மேற்குக் கரையில் உள்ள பேப்பூர் வரை போட்ட ரயில் பாதை, 1862-லேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. கோயம்புத்தூர் டவுனுக்கு ரயில் வந்ததோ 1873-ல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோதுதான். அதாவது போத்தனூர்தான் அண்ணன், கோவை தம்பி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று, ரயில்வே குடியிருப்புகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சிக்னல் பட்டறை என்று அந்த ரயில் வாசனை இன்னும் ஊரில் மிச்சமிருக்கிறது.

இந்த ஊரில் 1881 நவம்பர் 18 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் எத்தெல் சாரா ஸ்டோனி. அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ரயில்வே பொறியாளர். பின்னாளில் மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். பாலங்கள் கட்டியதோடு நிற்காமல், சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். மின்விசிறி வராத காலத்தில், தூங்கும் துரைமார்களுக்கு ‘கிரீச்’ சத்தம் இல்லாத பங்கா எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் நல்ல காசும் பார்த்தார்.

இந்தியாவில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளை ஊருக்கு அனுப்பி வளர்ப்பது அன்றைய வழக்கம். சாராவும் அயர்லாந்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். படிப்பெல்லாம் முடித்து 1900-ல் அவர் திரும்பி வந்தது குன்னூருக்கு. ஸ்டோனி குடும்பத்துக்கு அங்கே வீடு இருந்தது.

இங்கே ஒரு சின்னப் பயணம் போய் வரலாம். போத்தனூர், கோவை, மேட்டுப்பாளையம் வரை சமதளம். அதற்கப்புறம் நீலகிரி மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தை ரயிலின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு என்று ரயில் மெதுவாக ஏறும். குன்னூர் வரை இந்தப் பாதை திறந்தது 1899-ல். சாரா திரும்பி வந்தபோது ரயிலுக்கு வயது ஒன்று. இன்றைக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் போகிறோமே, அன்றைக்கு அது புத்தம் புது அதிசயம்.

சாரா மணந்துகொண்டது ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ் அதிகாரியை. மதராஸ் மாகாணத்தின் பெல்லாரி, கர்நூல் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். கப்பல் பயணத்தில் சந்தித்து, 1907-ல் டப்ளினில் கல்யாணம். மூத்த மகன் ஜான், 1908 செப்டம்பர் 1 அன்று குன்னூரில் தாத்தா வீட்டில் பிறந்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு! நம்ம ஊர் வழக்கம் அவர்களையும் விடவில்லை போலிருக்கிறது. இரண்டாவது மகன் ஆலன், 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தான். குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட ஆகாத நிலையில், இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் அவனை விட்டுவிட்டு அம்மா கணவரோடு மதராஸ் மாகாணத்துக்குத் திரும்பினார். அம்மாவும் மகனும் பார்த்துக்கொண்டதெல்லாம் விடுமுறைக்கு விடுமுறைதான். தான் சின்ன வயதில் பட்டதையே தன் பிள்ளைக்கும் செய்ய வேண்டிய நிலை அந்த அம்மாவுக்கு.

அந்தப் பிள்ளை என்ன செய்தார்? 24 வயதில், 1936-ல், எந்தக் கணக்கையும் சின்னச் சின்னக் கட்டளைகளாக உடைத்துப் போடக்கூடிய ஒரு இயந்திரத்தைக் காகிதத்திலேயே கற்பனை செய்தார். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் போனுக்கும் அந்தக் கற்பனைதான் வேர். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் ‘எனிக்மா’ ரகசியச் சங்கேதங்களை உடைத்த பிளட்ச்லி பார்க் குழுவில் முன்னணியில் நின்றார். போரின் போக்கையே மாற்றிய வேலை அது. ரகசியம் என்பதால் பல வருடங்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

1952-ல் தன் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று டூரிங் போலீஸில் சொன்னார். விசாரணை போன போக்கில், அவருக்கு இன்னோர் ஆணோடு உறவு இருப்பது தெரிந்தது. அவரும் மறைக்கவில்லை. திருட்டு ஓரமாகப் போனது, திருட்டுக் கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். ஜெயிலா, ஊசியா என்று கேட்டது சட்டம். பெண்மைக்கான ஹார்மோனை உடம்பில் ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டு ஜெயிலைத் தவிர்த்தார். ஒரு வருடம் அந்தச் சிகிச்சை. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41.

தற்கொலை என்றது விசாரணை. அம்மா ஏற்கவில்லை. ரசாயனங்களைக் கவனக்குறைவாகக் கையாண்டதில் நேர்ந்த விபத்து என்றே கடைசிவரை நம்பினார். மகனின் பெயர் மறந்து போய்விடக் கூடாது என்று அந்த முதிய வயதில் உட்கார்ந்து அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி, 1959-ல் வெளியிட்டார். டூரிங் பற்றி வந்த முதல் புத்தகம் அதுதான். பள்ளிக்கூட ரிப்போர்ட், பரிசு, கணக்கு, ஓட்டப்பந்தயம் எல்லாம் அதில் உண்டு. வழக்கு இல்லை. தண்டனை இல்லை. மகன் யார் என்பதில் ஒரு பாதி இல்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா என்ன? 1959-ல் பிரிட்டனில் அது சட்டப்படி குற்றம். ஊர் வாய்க்கு அவல் கொடுக்க எந்தத் தாய் முன்வருவார்! 1976-ல், தன் 94-வது வயதில் சாரா இறந்தார்.

மீதிப் பாதியை உலகம் சேர்த்துக்கொள்ள இன்னும் நாளாயிற்று. 2009-ல் பிரதமர் கோர்டன் பிரவுன், அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணி மன்னிப்பு வழங்கினார். 2017-ல், டூரிங்கைப் போலவே தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆயிரக்கணக்கான ஆண்களுக்கும் சட்டம் மன்னிப்புத் தந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பா என்று கேட்டவர்களும் அங்கே உண்டு. நியாயமான கேள்விதான்.

அதற்கு அடுத்து வந்ததுதான் நோட்டு. புதிய ஐம்பது பவுண்டு நோட்டில் ஒரு விஞ்ஞானியின் படம் வேண்டும் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து மக்களிடம் கேட்டது. 2,27,299 பரிந்துரைகள் குவிந்தன. 989 பெயர்கள். கடைசியில் சுருக்கிய பட்டியலில் 12 தலைப்புகள். ஸ்டீபன் ஹாக்கிங் இருந்தார், டூரிங் இருந்தார். இன்னொருவரும் இருந்தார்: சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்றே பழகிவிட்டோம். அவர் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். ஆக, பிரிட்டனின் பெரிய நோட்டுக்குப் போட்டியிட்ட அந்தக் குட்டிப் பட்டியலில் ஒருவர் ஈரோட்டில் பிறந்தவர், இன்னொருவரின் அம்மா போத்தனூரில் பிறந்தவர். ரயிலில் போனால் இரண்டு ஊருக்கும் இடையே இரண்டு மணி நேரம்கூட இல்லை. கொங்கு நாட்டுக்காரர்கள் இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளலாம். இதுவரை தட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

டூரிங் தேர்வானார். அவரது பிறந்த நாளான 2021 ஜூன் 23 அன்று நோட்டு புழக்கத்துக்கு வந்தது. அவருடைய பிறந்த தேதி அதில் பூஜ்ஜியமும் ஒன்றுமாக, கம்ப்யூட்டர் மொழியில் அச்சாகியிருக்கிறது. எந்த அரசு அவரைக் குற்றவாளி என்றதோ, அதே அரசின் பணத்தில் அவர் முகம். ஆனால், அதைப் பார்க்க அவரும் இல்லை, அம்மாவும் இல்லை.

ரயிலோடு வந்த சட்டம்

பிரிட்டனில் இன்றைக்கு இது பழகிய சங்கதி. பொதுவாழ்வில் செல்வாக்குள்ள தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் யார் யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை 2000-லேயே பட்டியல் போடத் தொடங்கிவிட்டது. இங்கே?

இங்கேயும் சட்டம் இருந்தது. அவர்கள் கொடுத்ததுதான். 1834-ல் இந்தியா வந்த மெக்காலே, வந்த கையோடு சில மாதங்கள் தங்கியது ஊட்டியில். அடுத்த ஆண்டு அமைந்த சட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழு எழுதிய வரைவு, பல திருத்தங்களுக்குப் பிறகு 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமானது. அதில் ஒன்று 377-வது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்குத் தண்டனை. சட்டம் நடைமுறைக்கு வந்த வருடம் 1862. போத்தனூருக்கு ரயில் வந்த அதே வருடம்! ரயிலுக்கு நன்றி சொல்லலாம். மற்றதை உதறுவதற்குத்தான் 2018 செப்டம்பர் 6 வரை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்கு வேறொரு மரபு உண்டு. போத்தனூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிங்காநல்லூர், அரவானுக்குத் திருவிழா எடுக்கும் ஊர். களப்பலிக்கு முதல் நாள் அரவான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட, கண்ணனே பெண் வடிவெடுத்து வந்து மாலை சூடிய கதையைச் சொல்லி வளர்ந்த சனம் இது. சாமிக்குச் செய்த மரியாதையை, வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் செய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படி வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் பத்மினி பிரகாஷ். 13 வயதில் வீட்டை விட்டுப் போனவர். உயிரை விடப்போன அவரைச் சிலர் காப்பாற்றினார்கள். பி.காம் சேர்ந்து, பணமில்லாமல் பாதியில் விட்டார். பரதநாட்டியம் கற்றுக்கொண்டார். 2014 ஆகஸ்ட் 15 மாலை ஏழு மணி. கோவையிலிருந்து ஒளிபரப்பான லோட்டஸ் நியூஸ் சேனலில், பட்டுப்புடவை கட்டி, நேர் வகிடெடுத்து, செய்தி வாசிக்க உட்கார்ந்தார். மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அன்றைக்குச் சரியாக நாலு மாதம். இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர் என்று வெளிநாட்டு ஊடகங்கள்வரை எழுதின.

தொலைக்காட்சியில் திருநங்கை வருவது அது முதல் முறை இல்லை. 2008-லேயே விஜய் டி.வி-யில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்துவிட்டது. அங்கே ரோஸ் பேசியது பெரும்பாலும் பேசத் தயங்கும் விஷயங்களை. பத்மினி வாசித்ததோ சாதாரண செய்தி. மழை, மறியல், மந்திரி பேச்சு. அதுதான் அதில் இருக்கும் பெரிய விஷயம். காந்திபுரத்தில் ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த குடும்பம், ஒரு திருநங்கை சொல்லும் தகவலைத் தகவலாகவே கேட்டுக்கொள்கிறது. அனுதாபமும் இல்லை, கிண்டலும் இல்லை. உச்சரிப்பு சரியாக இருந்தால் போதும். அந்த உச்சரிப்புக்காகத்தான் பத்மினியும் பயந்து பயந்து பயிற்சி எடுத்தார்.

கோவையின் கணக்கில் ஒரு துயரமும் உண்டு. 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், ஆர்.எஸ்.புரத்தில் ‘கோவை டிரான்ஸ் கிச்சன்’ திறந்தது. சமைப்பது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாமே திருநங்கைகள். அதை முன்னின்று தொடங்கியவர், கோவை திருநங்கைகள் சங்கத்தை வழிநடத்திய சங்கீதா. கைதட்டிக் காசு கேட்கும் கைகள் கரண்டி பிடிக்கட்டும் என்று நினைத்தவர். அடுத்த மாதமே அவர் கொலை செய்யப்பட்டார். பிரியாணிக் கடை திறந்த செய்தி வந்த பத்திரிகைகளிலேயே, ஒரு மாத இடைவெளியில் அந்தச் செய்தியும் வந்தது. கோவையில் மாற்றம் வந்துவிட்டது என்று சுலபமாக எழுதிவிட முடியாமல் தடுப்பது இதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கை

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குத் தனிப் பாதை பிரிகிறது. கிணத்துக்கடவு தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள், தூரத்தில் ஆனைமலை. சினிமாக்காரர்கள் இந்தப் பச்சையைப் படம் பிடித்துத் தீர்ந்தபாடில்லை. கல்கி சுப்ரமணியம் பிறந்தது இந்தப் பொள்ளாச்சியில்.

எழுத்தாளர் கல்கி வேறு, இவர் வேறு. இவர் கவிஞர், ஓவியர், நடிகை. இதழியலிலும் சர்வதேச உறவுகளிலுமாக இரண்டு முதுகலைப் பட்டங்கள். படிக்கும்போதே திருநங்கைகளுக்காகத் தமிழில் ‘சகோதரி’ என்ற பத்திரிகை நடத்தினார். பின்னாளில் அதே பெயரில் அமைப்பு. 2011-ல் வந்த ‘நர்த்தகி’ படத்தில் கதாநாயகி. திருநங்கை வேடத்துக்குத் திருநங்கையே நாயகி என்பது அப்போது புதுசு. அதுவரை சினிமாவில் திருநங்கை என்றால், நாயகனின் நண்பர்கள் கேலி செய்ய ஒரு நிமிடம் வந்து போகும் பாத்திரம்தானே!

கல்கியின் வேலைகளில் மனதைத் தைப்பது ‘ரெட் வால்’. பாலியல் கொடுமைக்கு ஆளான திருநர்கள், தங்களுக்கு நேர்ந்ததைக் கையால் செய்த காகிதத்தில் தங்கள் கையெழுத்திலேயே எழுதுகிறார்கள். அதன்மேல் சிவப்புச் சாயத்தில் தங்கள் உள்ளங்கையைப் பதிக்கிறார்கள். அந்தத் தாள்கள் சுவராக எழும்புகின்றன. போத்தனூரில் பிறந்த அம்மா தன் மகனின் புத்தகத்தில் எழுதாமல் விட்ட பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தைத்தான் இவர்கள் சுவரில் ஒட்டுகிறார்கள்.

அதே பக்கத்தைப் புத்தகமாகவே எழுதியவர் நாமக்கல் பக்கத்துக்காரர். லாரிக்கு பாடி கட்டுவதிலும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல். கோட்டை மலை, கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஆண் குழந்தையாகப் பிறந்து, அடியும் ஏச்சும் தாங்காமல் வீட்டை விட்டு டெல்லிவரை ஓடியவர் ஏ.ரேவதி. பெங்களூரில் சங்கமா அமைப்பில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து, இயக்குநர்வரை உயர்ந்தார். தமிழ்நாட்டுத் திருநங்கைகள் பலரைத் தேடிப் போய்ப் பேசி, ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். அடுத்து தன் கதை. தமிழில் அவர் எழுதியதை வ.கீதா ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, 2010-ல் பென்குயின் வெளியிட்டது. பிறகு ‘வெள்ளை மொழி’ என்று தமிழிலும் வந்தது.

தன் கதையில் ரேவதி எதையும் விட்டு வைக்கவில்லை. குடும்பம் செய்தது, தெருவில் நடந்தது, ஜமாத்துக்குள் நடந்தது, பிழைப்புக்காகத் தான் செய்தது, எல்லாம் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஊருக்குத் திரும்பித் திரும்பி வந்ததும், அப்பா அம்மா மேல் பாசம் விடாததும் உண்டு. படிக்கும்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போகும். குடும்பம் குடும்பமாகப் படிக்க வேண்டிய புத்தகம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேஜைமேல் வைத்துவிட்டால் போதும்.

இனி சொல்லப்போவது நாமக்கல்லிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகம் பிரசித்தம். அதன் முகப்புக் கல்லில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பெரிய பெரிய பெயர்கள். அத்தனையும் ஆண்கள். பெண்கள் எழுதவே இல்லையா என்ற கேள்வி மாணவிகளிடமிருந்து எழுந்து பல வருடங்கள் ஆயின. 2019-ல் அந்தக் கல்வெட்டுக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் கொண்ட பேனர் ஏறியது. மாயா ஏஞ்சலு, டோனி மாரிசன் போன்ற எட்டுப் பெயர்களில் ஒன்று, ஏ.ரேவதி!

நாமக்கல் எழுத்தாளரைக் கொண்டாடத் தெரியாத ஊர் இல்லை. கவிஞர் ராமலிங்கம் பிள்ளைக்கு அங்கே நினைவு இல்லம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. ரேவதியின் புத்தகங்களுக்கும் அந்த ஊரில் ஓர் அலமாரி வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

அங்கிருந்து சேலம் ஒரு மணி நேரம். சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினி, போலீஸ் எஸ்.ஐ வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். விண்ணப்பம் தள்ளுபடி. சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. பயிற்சி முடித்து, 2017-ல் நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளராகத் தோளில் நட்சத்திரத்தோடு வேலையில் சேர்ந்தார். போலீஸ் ஜீப்பைக் கண்டு ஒதுங்கி ஓடிப் பழகிய சமூகத்திலிருந்து, அந்த ஜீப்பில் முன்சீட்டில் உட்கார ஒருவர்.

பட்டியலில் இல்லாதவர்கள்

கோவை, பொள்ளாச்சி, நாமக்கல், சேலம் என்று சுற்றி வந்து பார்த்தால் ஒன்று உறைக்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாமே திருநங்கைகளுடையவை. 2008-ல் நாட்டிலேயே முதல் முறையாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல் வாயில் புழங்குகிறது. ஆனால் டூரிங்கைப் போல ஓர் ஆண், இன்னோர் ஆணை நேசிக்கும் ஆண், அல்லது அப்படி ஒரு பெண், கொங்கு நாட்டின் தொழிலதிபராகவோ, பேராசிரியராகவோ, டாக்டராகவோ இருந்து ‘நான் இப்படித்தான்’ என்று ஊரறியச் சொல்லிப் பெயர் வாங்கியதாக ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இல்லாமலா இருப்பார்கள்? இருப்பார்கள். ‘நீங்க என்ன கூட்டம்ங்க?’ என்ற கேள்வியில் அறிமுகம் தொடங்கும் ஊர்களில், குலதெய்வமும் பங்காளியும் மாமன் மச்சானும் சேர்ந்து, அருமைக்காரர் முன்னின்று நடத்தும் கல்யாணத்தில்தான் ஓர் ஆள் முழு ஆளாகிறார். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றால், ‘பையனுக்கு இன்னும் ஒண்ணும் அமையலைங்களா?’ என்று ஊரே கேட்கும். கேட்பவர்களுக்கு அது அக்கறை. அந்தப் பையனுக்கு அது ஒவ்வொரு விசேஷத்திலும் நடக்கும் விசாரணை. சிலர் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். சிலர் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் வாழ்க்கையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

நீதிமன்றம் ஓரளவுக்கு வழி போட்டுத் தந்திருக்கிறது. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தனக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். இவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். டூரிங்குக்குப் போட்ட ஊசியின் உறவுக்காரச் சங்கதிகள்தான் அவை. அந்த உத்தரவின் தேதி 2021 ஜூன் 7. டூரிங் இறந்த அதே ஜூன் 7. பதினாறு நாள் கழித்து லண்டனில் அவர் முகம் போட்ட நோட்டு வெளிவந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து 2022-ல் தமிழக அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. சொல் கிடைத்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் அதைச் சத்தமாகச் சொல்லும் துணிச்சல் இன்னும் வர வேண்டும். சாரா டூரிங்குக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அவர் வாழ்ந்தது வேறு காலம். இன்றைய போத்தனூர் அம்மாக்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஊட்டி போகும்போது, கோவையிலேயே ஏறிவிடாமல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். சாரா ஸ்டோனி பிறந்த வீடு எது என்று தேடி அலைய வேண்டாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்கும், அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தையைப் பெற்ற அம்மாவின் ஊர் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். ‘அவர் எப்படிச் செத்துப்போனார்?’ என்று அவர்கள் கேட்டால், பாதிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது.